கோப்பியின் நற்பெயரும் மன்னார்ப் பாதையும்

ஒரு பொருளை விற்பவன் அப்பொருளோடு தன் பெயரையும் சேர்த்தே விற்கின்றான். ஊர்ச் சந்தையில் அப்பெயரை ஆக்குபவர் அயலவர். நிறையைக் குறைத்தவன் யார், கலப்படம் செய்தவன் யார், பஞ்ச காலத்தில் கடனுக்குக் கொடுத்து உதவியவன் யார் என்பன ஊரவர் வாயிலேயே தீர்மானமாகும். விற்பவன் தன் பெயரை மாற்ற விரும்பினால் தன் செயலை மாற்றுவதன்றி வேறு வழி அவனுக்கில்லை. பெருநிறுவனங்களின் காலத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. பெயரை ஆக்குவதற்கென்றே தனிப் பிரிவுகளும், சம்பளம் பெறும் வல்லுநரும், வண்ணப் படங்களோடு கூடிய ஆண்டறிக்கைகளும் தோன்றியுள்ளன. செயல் சிறிதும் மாறாமலே பெயரை மாற்றிக்கொள்ளும் வசதி முதல்முறையாக விற்பவன் கைக்கு வந்துள்ளது.

இக்கலையில் முன்னிற்பவை கோப்பிக் கடைத் தொடர்களை நடத்தும் நிறுவனங்கள். அவற்றுள் மிகப் பெரியது, 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஒற்றைக் கடையாகத் தொடங்கி, எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் நாற்பதாயிரம் வரையிலான கடைகளாகப் பெருகிய ஸ்டார்பக்ஸ். அந்நிறுவனம் தன் நற்பெயரை எவ்வாறு ஆக்கிக் காத்து வருகின்றது என்பதை மன்னார்க் கரையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி.

மன்னாரில் அந்நிறுவனத்துக்குக் கடை இல்லையே, இத்தீவுக்கும் அதற்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். இலங்கைக் கோப்பி உலகச் சந்தையில் பெயரோடு விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்கோப்பியைப் பறித்த கைகள் இந்நாட்டுக்குள் நுழைந்த வாயில் மன்னார். கோப்பியின் நற்பெயர் எதனை மறைத்து எழுப்பப்பட்டது என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நாம் நிறுவ விரும்புவதும் ஒன்றே: நற்பெயரை விரும்புபவனே அதனை அளக்கும் கோலையும் தன் கையில் வைத்திருக்கும் வரை, அப்பெயர் எதற்கும் சான்றாகாது.

பெயர் ஆக்கப்படும் முறை

முதலில் நிறுவனத்தின் முறையை நோக்குவோம். அது தன் ஊழியரை ஊழியர் என்று அழைப்பதில்லை. பங்காளர் என்றே அழைக்கின்றது. 1991ஆம் ஆண்டு தொடக்கம் ஊழியருக்குப் பங்குரிமை வழங்கும் திட்டம் ஒன்றும் நடைமுறையில் உள்ளது. பகுதிநேர ஊழியருக்கும் மருத்துவக் காப்புறுதி வழங்கியமை அமெரிக்கச் சூழலில் ஒரு முன்னேற்றம் என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆயின் 2021 டிசம்பரில் பஃபலோ நகரில் ஒரு கடையின் ஊழியர் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தபோது, ‘பங்காளர்’ என்ற சொல்லின் எல்லை தெரிந்தது. சங்கத்தை நிறுவனம் வரவேற்கவில்லை. தொழிலாளர் உறவுச் சட்டத்தை மீறியதாக முறைப்பாடுகள் குவிந்தன. 2023 மார்ச்சில் நிறுவனத்தின் நீண்டகாலத் தலைவர் ஹோவர்ட் ஷுல்ற்ஸ் அமெரிக்கச் செனற் சபைக் குழுவின் முன் தோன்றி விடையளிக்க நேர்ந்தது. 2024 முடிவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கடைகளில் சங்கம் வேரூன்றியிருந்தும் ஒரு கூட்டு ஒப்பந்தமேனும் கைச்சாத்தாகவில்லை. பங்காளன் என்று அழைக்கப்படுபவன் பங்கு கேட்கும் நாளில் மீண்டும் கூலியாளாகி விடுகின்றான்.

கோப்பி விளையும் நாடுகளில் இம்முறை மேலும் நுட்பமானது. குவாத்தமாலாவின் தோட்டத் தொழிலாளர் பெறும் அற்பக் கூலியைச் சுட்டிச் சிலர் கடை வாயில்களில் துண்டுப் பிரசுரம் வழங்கியதன் பின்னரே, 1995ஆம் ஆண்டு நிறுவனம் தனக்கென நடத்தை விதிகளை வகுத்தது. 2004ஆம் ஆண்டு தோட்டங்களுக்குச் சான்று வழங்கும் தன் சொந்த அளவுகோல் ஒன்றை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டு, தான் வாங்கும் கோப்பியில் 99 சதவீதம் அறநெறிப்படி பெறப்பட்டது என்று உலகுக்கு அறிவித்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது! எந்தப் பரீட்சையிலும் நாம் காணாத புள்ளி இது. வினாத்தாளைத் தயாரித்தவரே விடையெழுதித் தமக்குத் தாமே புள்ளியிட்ட பரீட்சையில் இது வியப்புக்குரியதன்று. 2018ஆம் ஆண்டு பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலையிலிருந்த தொழிலாளரை அரச பரிசோதகர் ஒரு தோட்டத்திலிருந்து மீட்டபோது, அத்தோட்டம் அந்நிறுவனத்தின் சான்றைப் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று, ‘அறநெறிக் கோப்பி’ என்ற விளம்பரம் நுகர்வோரை ஏமாற்றுவதெனக் கூறி வொஷிங்ரன் நகரில் வழக்குத் தொடர்ந்தது.

பெயர் பற்றிய போட்டியில் எதியோப்பியாவின் அனுபவம் தனித்து நோக்கத்தக்கது. சிடாமோ, ஹரார், யிர்காசெஃப் என்பன அந்நாட்டின் கோப்பி விளையும் பிரதேசங்களின் பெயர்கள். 2005ஆம் ஆண்டு எதியோப்பிய அரசு அப்பெயர்களை அமெரிக்காவில் தன் வணிகக் குறிகளாகப் பதிவு செய்ய முயன்றபோது, அந்நாட்டுக் கோப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. இவ்வெதிர்ப்பின் பின்னே ஸ்டார்பக்ஸ் நிற்பதாக ஒக்ஸ்ஃபாம் நிறுவனம் குற்றஞ்சாட்டி 2006ஆம் ஆண்டு பெரும் இயக்கம் ஒன்றை நடத்தியது. நிறுவனம் அதனை மறுத்தது. எனினும் 2007ஆம் ஆண்டு எதியோப்பியாவுடன் உடன்பாட்டுக்கு வந்தது. தன் கடற்கன்னிச் சின்னத்தை உலகெங்கும் கண்ணும் கருத்துமாகக் காக்கும் ஒரு வணிகத் துறையில், தன் ஊரின் பெயரைத் தனக்கே உரியதாக்க ஓர் ஏழை நாடு இத்துணை போராட வேண்டியிருந்தது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

மன்னார்ப் பாதை

இனி நம் கரைக்கு வருவோம். இலங்கையில் கோப்பிப் பெருந்தோட்டம் 1820களில் தொடங்கியது. அக்காலத்து ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் தாமே பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை 1830களில் ஒழிக்கப்பட்டு அங்கு உற்பத்தி வீழ்ந்ததும், 1835ஆம் ஆண்டு பிரித்தானியா இறக்குமதித் தீர்வையைச் சமப்படுத்தியதும் இலங்கைக் கோப்பிக்கு வாய்ப்பாயின. கண்டிச் சீமையின் காடுகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியோருள் ஆளுநர் முதலாக அரச உயர் அதிகாரிகள் பலர் இருந்தனர்.

தொழிலாளர் தமிழகத்திலிருந்து வந்தனர். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளின் நிலமற்ற மக்கள், கங்காணியிடம் முற்பணம் பெற்ற கணத்திலேயே கடனாளிகளாகி, தோணிகளில் கடல் கடந்து தலைமன்னாரிலும் மன்னார்க் கரையின் பிற துறைகளிலும் இறங்கினர். அங்கிருந்து கால்நடைப் பயணம். மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஆகியவற்றின் வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல். வறண்ட காடு, நீர் அரிது, கிடைத்த நீரும் நஞ்சு. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் உடன் நடந்தன. 1840களில் சில ஆண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் அறுவடை முடிய அதே வழியே திரும்பினர். ஆதலால் ஒருவர் இப்பாதையை இருமுறை கடக்க வேண்டியிருந்தது.

வழியில் எத்தனை பேர் இறந்தனர்? இவ்வினாவே நம் கட்டுரையின் மையம். துறைகளில் இறங்கியோரின் தொகை எழுதப்பட்டது. திரும்பிச் சென்றோரின் தொகையும் எழுதப்பட்டது. காட்டில் வீழ்ந்தோரின் பேரேடு மட்டும் எழுதப்படவில்லை. ஆகவே இறந்தோர் தொகையைக் கழித்தல் கணக்கினாலேயே அறிய வேண்டியதாயிற்று. 1841 தொடக்கம் எழுபதாயிரம் பேர் மாண்டனர் என, வந்தோரில் கால்வாசியாகும் ஒரு தொகையை 1849ஆம் ஆண்டு கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை வெளியிட்டது. இத்தொகை மிகையானது என்போரும், அன்று என்போரும் வரலாற்றாசிரியருள் இன்றும் உளர். இவ்விவாதம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராதிருப்பதற்குக் காரணம் தெளிவானது. கணக்கெழுத வல்லவராயிருந்தோர் அக்கணக்கால் நட்டமடையக் கூடியவராயும் இருந்தனர். ஏற்றுமதியான கோப்பியை அந்தர், இறாத்தல் என நிறுத்து எழுதிய அரசுக்கு, அதனைப் பறிக்க நடந்து வந்த மனிதரின் சாவை எழுத எழுத்தாளர் கிடைக்கவில்லை போலும்!

ஏடும் பாட்டும்

அத்தொகையை வெளியிட்ட பத்திரிகையின் பிற்கால வரலாறும் பாடம் தருவது. 1849இல் ஒப்சேவரின் ஆசிரியராக இருந்தவர் கிறிஸ்ரோபர் எலியற் என்ற வைத்தியர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் ஆட்சியாளரைக் கடுமையாக விமர்சித்தவர். 1854ஆம் ஆண்டு தோட்டத்துரைமார் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1859ஆம் ஆண்டளவில் பத்திரிகை ஏ. எம். பெர்குசன் கைக்கு மாறியது. தோட்டத்துறையின் குரலாகவே அது வளர்ந்தது. பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட இலங்கைக் கையேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் தோட்டத்தின் பெயரையும் ஏக்கர்க் கணக்கையும் உரிமையாளர் பெயரையும் துரையின் பெயரையும் காணலாம். கோப்பி பறித்த ஒருத்தியின் பெயரைக் காண முடியாது. பெயர் என்பது யாருக்கு உரியதாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழும் இப்பணிக்குப் பயன்பட்டது என்பதை நாம் ஒளிக்கலாகாது. 1869ஆம் ஆண்டு ஆபிரகாம் ஜோசப் என்பார் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்ற நூலை வெளியிட்டார். மலையகத்தைப் பொருளாகக் கொண்டெழுந்த முதல் அச்சு நூல்களுள் ஒன்று என அது போற்றப்படுகின்றது. கோப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி வடிவில் விளக்கும் அந்நூல் துரைமாரின் பக்கம் நின்றே தோட்டத்தைப் பார்ப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ஏட்டில் ஏறாத மறுபக்கத்தை உழைக்கும் மக்கள் தம் வாய்மொழிப் பாடல்களில் வைத்துக் காத்தனர். கங்காணியின் கொடுமையும் கடனும் வழிநடையும் அப்பாடல்களின் பொருள். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அவற்றைத் தொகுத்திராவிடின், கோப்பி யுகத்தைப் பற்றித் தமிழில் நமக்கு எஞ்சியிருப்பது பெரிதும் துரைமாரின் நற்பெயராகவே இருந்திருக்கும்.

அக்கும்மி வெளிவந்த அதே 1869ஆம் ஆண்டிலேதான் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. பயிர் மாறியது, வழிநடை மாறவில்லை. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடி தலைமன்னார்க் கப்பற் சேவை தொடங்கியபின் இதே கரை மீண்டும் வாயிலாயிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருள் மிகப் பலர் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்தே விடைபெற்றனர். வரும்போதும் போகும்போதும் அவர்களைத் தொகையாக எழுதினார்களேயன்றி, மனிதராக எழுதினாரில்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இக்கால நிறுவனத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துரைமாரோடு ஒப்பிடுவது முறையன்று என்று சிலர் கூறக்கூடும். அன்று மனிதர் காட்டில் மடிந்தனர். இன்று விதிகளும் சான்றிதழ்களும் உள்ளன. நற்பெயருக்கு அஞ்சியேனும் நிறுவனங்கள் நன்மை செய்கின்றன அல்லவா என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டு காலங்களின் கொடுமையும் ஒரே அளவினது என்று நாம் கூறவில்லை. ஆயின் நன்மை எப்போது நிகழ்ந்தது என்பதை வரிசையாக நோக்குக. நடத்தை விதிகள் துண்டுப் பிரசுரத்தின் பின் வந்தன. எதியோப்பிய உடன்பாடு ஒக்ஸ்ஃபாமின் இயக்கத்தின் பின் வந்தது. 2012ஆம் ஆண்டு ரொய்ட்டர் செய்தி நிறுவனம், ஸ்டார்பக்ஸ் பிரித்தானியாவில் பதினான்கு ஆண்டுகளில் 300 கோடி பவுணுக்கு விற்பனை செய்து 86 இலட்சம் பவுண் மட்டுமே கம்பனி வரியாகச் செலுத்தியதை வெளிப்படுத்திற்று. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. அதனாலேதான் செய்தி அதிர்ச்சி தந்தது. மக்களின் எதிர்ப்பு எழுந்தபின், இரண்டு ஆண்டுகளில் இரண்டு கோடி பவுண் செலுத்துவதாக அது தானே முன்வந்து அறிவித்தது. வரியை நன்கொடைபோல் வழங்கும் விந்தையை உலகம் கண்டது. 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவில் ஒரு கடையில் காத்திருந்த இரு கறுப்பின இளைஞர் கைதானார்கள். அக்காட்சி பதிவாகி உலகெங்கும் பரவிய பின்னரே, மே 29ஆம் திகதி பிற்பகல் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு ஊழியருக்கு இனப்பாகுபாடு பற்றிய பயிற்சி அளிக்கப்பட்டது.

இவை ஒவ்வொன்றிலும் நிறுவனத்தின் கையிலில்லாத ஒரு கணக்கு முதலில் வந்தது. அதன் பின்னரே நிறுவனம் அசைந்தது. அசைத்தது நற்பெயர் என்று கூறுவோர் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக் கூறுகின்றனர். அசைத்தது வெளியார் எழுதிய ஏடு. பத்திரிகையாளன், அரச பரிசோதகன், தொழிற்சங்கவாதி, கடை வாயிலில் நின்ற மாணவன் ஆகியோர் எழுதிய ஏடு. மன்னார்ப் பாதையில் அத்தகைய ஏட்டை எழுத ஒருவரும் இருக்கவில்லை. இருந்த ஒரு பத்திரிகையும் கைமாறிப் போயிற்று. இரண்டு காலங்களுக்குமிடையே வேறுபாடு உண்டென்றால் அது முதலாளியின் மனமாற்றத்தினால் வந்ததன்று; உழைப்பவரும் அவரைச் சார்ந்தோரும் தமக்கெனக் கணக்கெழுதக் கற்றதனால் வந்தது.

நமது கடமை

இவற்றைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நற்பெயரை ஆக்கும் தொழிலுக்கு இன்று ஆள் வழங்குவன பல்கலைக்கழகங்களே. சான்றிதழ் எழுதுபவர், சூழல் மதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பவர், நிறுவனத்தின் சமூகப் பணியைப் புகழ்ந்து ஆய்வுக் கட்டுரை படைப்பவர் யாவரும் நம் வகுப்பறைகளிலிருந்தே செல்கின்றனர்.

மன்னாருக்கு இது தூரத்துச் செய்தியன்று. 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ காற்றாலைகள் அத்தீவில் இயங்கத் தொடங்கின. பின்னர் இந்தியாவின் அதானி நிறுவனம் பெருந்திட்டம் ஒன்றோடு வந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. கனிய மணலை நாடியும் நிறுவனங்கள் வருகின்றன. மீனவரும் விவசாயியும் வெள்ள நீர் வடியாமை பற்றியும் நிலம் பற்றியும் வலசைப் பறவைகள் பற்றியும் எழுப்பும் வினாக்களுக்கு நேரே அழகிய அறிக்கைகள் வைக்கப்படுகின்றன. இத்திட்டங்களின் நன்மை தீமையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆயின் எந்த அறிக்கை வந்தாலும் மூன்று வினாக்களைத் தொடுக்கக் கோப்பியின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. அளவுகோலை வகுத்தவர் யார்? அளந்தவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? அளந்து கண்டதை நிறுவனத்தின் அனுமதியின்றி வெளியிடும் உரிமை எவருக்கேனும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை ஒரே பெயராயின், அவ்வறிக்கை விளம்பரம் என்றே கொள்ளத்தக்கது.

இன்னொரு கடனும் நமக்குண்டு. 2023 ஜூலை இறுதியில் மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து ஒரு நடைபவனி தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் மாதம் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் தம் கால்களால் மீண்டும் எழுதினர். அவர்கள் தொடங்கியதை ஏட்டில் தொடர்வது படித்தவர் கடமை. அப்பாதையின் கிணறுகளும் மடங்களும் புதைகுழிகளும் எங்கெங்கு இருந்தன என்பதை ஊர் ஊராகச் சென்று கேட்டெழுதலாம். மன்னார்க் கச்சேரியின் பழைய நிருவாக அறிக்கைகளைச் சுவடிக்கூடத்தில் தேடிப் படித்துத் தமிழில் தரலாம். தேய்ந்துபோகும் பாடல்களைப் பாடக்கூடியோர் உள்ளபோதே பதிவு செய்யலாம். வரலாறு, புவியியல், தமிழ் ஆகிய மூன்று துறைகளின் மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தை ஒதுக்கினால் இப்பணி தொடங்கிவிடும். இதற்கு எந்த நிறுவனத்தின் அனுசரணையும் வேண்டியதில்லை. அனுசரணை பெறாதிருத்தலே நன்று.

கோப்பி அருந்துவதை எவரும் நிறுத்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. கோப்பி குற்றமற்ற பொருள்; அதனைப் பறிப்போருக்கு அது சோறு. நாம் மறுப்பது, விற்பவன் தன் அறத்துக்குத் தானே எழுதிக்கொள்ளும் நற்சான்றை. அச்சான்றை ஏற்பதா மறுப்பதா என்பது வாங்குபவரின் விருப்பம் மட்டுமன்று. எழுதப் படிக்கத் தெரிந்தவரின் பொறுப்பு. மன்னார்ப் பாதையில் வீழ்ந்தோரின் பேரேட்டை எழுதாது விட்டவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். எழுத்தறிந்தவர்களே எழுதாது விட்டனர். அப்பிழையை நம் தலைமுறையும் செய்யுமாயின், நாளை நம் பெயரும் யாரோ ஒருவரின் ஆண்டறிக்கையில் நன்றியுரையாக மட்டுமே எஞ்சும்.